ஏர் பிரேக், எக்ஸாஸ்ட் பிரேக்: கேரவன் வண்டியில் ஏறுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டின் கேரவன் வண்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் காரைக்குடியிலிருந்து பஸ் ஓட்டியவன். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். படைப்பு (முன்னோர்களுக்குச் செய்யும் வழிபாடு), கல்யாணம், கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வரும்போது ஒன்பது நகரத்தார் கோயில்களையும் சுற்றிவிட்டு, அப்படியே ஒரு மலைக்கும் போய்விட்டு வருவார்கள். முன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் இதே கேள்விகள்தான். புதிதாகக் கேரவன் கட்டியவர்களும் போனில் இதையே கேட்கிறார்கள். அதனால் எழுதிவைத்துவிட்டேன். நான் சொல்வதெல்லாம் பஸ் சேஸிஸில் (பாடி இல்லாத அடிச்சட்டத்தில்) கட்டிய, 12 டன்னை ஒட்டிய வண்டிக்கு. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஏன் தம்பி, வண்டி அடிக்கடி புஸ்ஸுன்னு பெருமூச்சு விடுது? பஞ்சரா?"

வீட்டுப் பெரிய ஆச்சி கேட்டது. பஞ்சர் இல்லை ஆச்சி, இந்த வண்டிக்கு பிரேக் பிடிப்பதே காற்றால்தான். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், வேலை முடிந்த காற்று வெளியே போகிறது. அது சின்ன புஸ். நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக் போடும்போது வருவது கொஞ்சம் நீளமான புஸ்.

யாரும் எதையும் தொடாமலே திடீரென்று "டப்... புஸ்ஸ்" என்று ஒன்று வரும். டேங்கில் போதுமான காற்று சேர்ந்துவிட்டது, இனி வேண்டாம் என்று வால்வு திறக்கிற சத்தம் அது. அதோடு, காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரில் தங்கிய ஈரமும் வெளியே தள்ளப்படும். நின்ற இடத்தில் தரையில் நாலு சொட்டு தண்ணீர் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

"கார் பிரேக்குக்கும் இதுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

காரில் நம் கால் பலம்தான் எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது, ஒரு பூஸ்டர் துணைக்கு இருக்கும். இங்கே கால் ஒரு குழாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். டேங்கில் காத்திருக்கும் காற்று ஓடிப்போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரேக் சேம்பரில் ரப்பர் டயாபிரமைத் தள்ளும். டயாபிரம் ஒரு தண்டைத் தள்ளும். தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்பும். அதன் மறுமுனையில் ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்த கேம் இருக்கிறது. அது சுழன்று லைனிங் (உராயும் பட்டை) ஒட்டிய இரண்டு ஷூக்களையும், சக்கரத்தோடு சுழலும் டிரம்மோடு அழுத்தும்.

எவ்வளவு பலம் என்று ஒரு தம்பி விடாமல் கேட்டான். 24 சதுர அங்குல டயாபிரம் என்றால் ஏறக்குறைய 155 சதுர சென்டிமீட்டர். முழுதாக மிதித்து 8 கேஜி (சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ) அழுத்தம் போனால் ஒரு சேம்பரிலேயே 1,200 கிலோவுக்கு மேல் தள்ளும். நெம்புகோல் அதை இன்னும் பெருக்கும். ஆச்சியின் பூனைக்குட்டிக் காலுக்கும் இந்த வண்டி நிற்கும்.

ஒரு குறை உண்டு. காற்று டேங்கிலிருந்து சக்கரம் வரை போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்றால் 8 மீட்டர். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் வண்டி தன் நீளத்துக்கு ஓடியிருக்கும். கார் ஓட்டிப் பழகியவர்கள் முன் வண்டியை ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"அந்தக் காத்து எங்கேருந்து வருது? பெட்ரோல் பங்க்ல அடைக்கணுமா?"

இன்ஜினோடு சேர்ந்து ஒரு கம்ப்ரஸர் ஓடுகிறது. அது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி ஏர் டிரையருக்கு அனுப்பும். அங்கே ஈரம் போனபின் ஒரு பாதுகாப்பு வால்வு காற்றை நான்காகப் பிரிக்கும்: முன் சக்கர பிரேக், பின் சக்கர பிரேக், ஹேண்ட் பிரேக், அப்புறம் ஹாரன், கதவு போன்ற சில்லறை வேலைகள். ஒரு குழாய் வெடித்தாலும் மற்றவை காலியாகாமல் தடுப்பது அந்த வால்வின் வேலை. டேஷ்போர்டில் காற்றழுத்தம் காட்ட இரண்டு முள் இருப்பது இதனால்தான், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று.

"காத்து போயிட்டா பிரேக்கே பிடிக்காதே! அது ஆபத்து இல்லையா?"

எல்லாரும் கேட்பது இது. பதில் நேர் எதிர். பின் சக்கர சேம்பருக்குப் பின்னால் இன்னொரு டப்பா இருக்கும். அதற்குள் மிகப் பலமான ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கத்தான் பார்க்கிறது. காற்று உள்ளே புகுந்து அதை அமுக்கி வைத்திருப்பதால்தான் வண்டி நகர்கிறது. ஹேண்ட் பிரேக் போடுவது என்றால் அந்தக் காற்றை வெளியே விடுவது. காற்று மொத்தமும் போய்விட்டால் ஸ்பிரிங் தானாக விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று இல்லாத வண்டி ஓடாது.

ரயிலில் இந்த யோசனை முன்பே வந்துவிட்டது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காப்புரிமை வாங்கிய ஏர் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக் இல்லை. சில வருடத்திலேயே அதைத் திருப்பிப் போட்டார், குழாயில் காற்று இறங்கினால் பிரேக் பிடிக்கும் என்று. நம் ஸ்பிரிங் பிரேக்கின் முறை வேறு, நியாயம் அதே நியாயம்.

ஆனால் முழு ஆபத்து நீங்கியது என்று நினைக்கக் கூடாது. காற்று மெல்ல இறங்கும்போது கால் பிரேக்கின் பலமும் மெல்லக் குறையும். முள் 5-ஐ ஒட்டி இறங்கும்போது பஸ்ஸர் கத்தும் (வண்டிக்கு வண்டி சற்று மாறும்). கத்தினால் ஓரங்கட்ட வேண்டும். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால், ஸ்பிரிங் எங்கே பிடிக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். வளைவின் நடுவில்கூடப் பிடிக்கலாம்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு சும்மா நிக்கிறீங்களே, டீசல் வேஸ்ட் இல்லையா?"

ஏர் ஏறக் காத்திருக்கிறேன். முள் 8-ஐத் தொடும் வரை நகர மாட்டேன். அந்த நேரத்தில் ஒரு சோதனையும் முடிந்துவிடும். ஏர் நிறைந்ததும் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, இன்ஜினை நிறுத்தி, கால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் முள்ளைப் பார்ப்பேன். 0.2-க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் தேர்வில் கேட்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான், நிமிடத்துக்கு 3 பவுண்டு. கசிவைப் பிடிக்க சோப்புத் தண்ணீர் போதும்.

பிறகு டேங்க் அடியில் உள்ள வளையத்தை இழுத்து டிரெயின் செய்வேன். வெறும் காற்று வந்தால் டிரையர் நன்றாக இருக்கிறது. தண்ணீர் வந்தால் டிரையரின் கேட்ரிட்ஜை மாற்றும் காலம். போன வருடம் மோர் மாதிரி வெளுத்த குழம்பு வந்தது, தண்ணீரும் எண்ணெயும் கலந்தது. கம்ப்ரஸர் ரிங் தேய்ந்து எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அந்த எண்ணெய் வால்வு ரப்பரையெல்லாம் ஊற வைத்துக் கெடுக்கும் முன்பு பார்த்ததால் கம்ப்ரஸர் செலவோடு போயிற்று.

"எங்க வண்டியில புஸ் சத்தமே வரலையே, ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. வேன் அளவில் கட்டிய சின்ன கேரவன்களுக்குப் பெரும்பாலும் எண்ணெய் பிரேக்தான், கார் மாதிரி. இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. மலை இறங்குவது பற்றிச் சொல்வது மட்டும் பொருந்தும்.

"கார் லைசென்ஸ் வச்சு ஓட்டலாமா?"

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் என்றால் முடியாது.

"சரி, எக்ஸாஸ்ட் பிரேக்னா என்ன? சைலன்சர்ல எப்படி பிரேக்?"

புகை போகும் குழாயில், டர்போவைத் தாண்டி, ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தத் தகடு திரும்பிக் குழாயை ஏறக்குறைய மூடிவிடும். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றை வெளியே தள்ளப் பார்க்கும், போக வழி இருக்காது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கிப் பாருங்கள். அந்த எதிர்ப்புதான் பிரேக். இன்ஜின் திணறும், கியர் வழியாக அந்தத் திணறல் பின் சக்கரத்துக்குப் போகும், வண்டி வேகம் எடுக்காது. அந்த நேரத்தில் டீசலும் போவதில்லை.

தகட்டைத் திருப்புவதும் காற்றுதான், நான்காவது பங்கிலிருந்து. கிளட்சை மிதித்தாலோ ஆக்சிலரேட்டரைத் தொட்டாலோ தகடு திறந்துவிடும்.

"காரை ரெண்டாவது கியர்ல போட்டாலே இறக்கத்துல பிடிச்சு நிக்குதே, இதுக்கு மட்டும் தனியா எதுக்கு?"

நல்ல கேள்வி. பெட்ரோல் காரில் காலை எடுத்ததும் காற்று வரும் வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கிறது, அதனால் பிடிக்கிறது. டீசல் இன்ஜினில் பொதுவாக அந்த வழி திறந்தே இருக்கும். காற்று தாராளமாக வரும், தாராளமாகப் போகும், எதிர்ப்பு குறைவு. எடையோ பத்து மடங்கு. அதனால்தான் வெளியே போகும் பக்கத்தை மூடுகிறோம்.

"ஸ்விட்சைப் போட்டுட்டா கால் பிரேக்கே மிதிக்க வேண்டாமா?"

வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் வேகத்தைக் கட்டுப்படுத்தும், வண்டியை நிறுத்தாது. இன்ஜின் சுற்று குறையக் குறைய அதன் பிடியும் குறையும், நின்ற வண்டியை அது பிடிக்கவே பிடிக்காது. முன் சக்கரத்தில் அதற்கு வேலையே இல்லை.

இன்னொன்று. பல வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும் போட்டால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னால் வருகிறவருக்கு நாம் வேகம் குறைப்பது தெரியாது. பிரேக் பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுவது என் பழக்கம்.

"கொடைக்கானல் இறங்கும்போது கருகுற வாடை வந்துச்சு. அது என்ன, எப்படித் தவிர்க்கிறது?"

லைனிங் வாடை. நம்மூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் புதிது, ஏனென்றால் இங்கே வண்டி ஏறி இறங்கும் மேடு என்றால் கண்மாய்க்கரையும் ரயில்வே மேம்பாலமும்தான். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே வருகிறோம். 12 டன் எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி, 700 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் வரிசையாக அண்டா வைத்த மாதிரி. அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் தின்னும். மீதியை நீங்கள் எங்கே அனுப்புகிறீர்கள் என்பதுதான் விஷயம். கால் பிரேக்கையே நம்பினால் அத்தனையும் டிரம்மில் இறங்கும். டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடலை முழுதாக மிதித்தாலும் வண்டி நிற்காது. முள்ளோ அப்போதும் 8 காட்டும்! காற்று இருக்கும், பிரேக் இருக்காது.

எக்ஸாஸ்ட் பிரேக் அந்தச் சூட்டை இன்ஜினிலும் புகைக்குழாயிலும் வாங்கிக்கொள்கிறது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதில் இறங்குங்கள், தேவைப்பட்டால் ஒன்று கீழே. ஸ்விட்சைப் போடுங்கள். டாக்கோமீட்டர் (இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) முள் நடுவுக்கு மேலே, சிவப்புக்குக் கீழே நிற்கட்டும். அப்படியும் வேகம் கூடினால், கால் பிரேக்கை உறுதியாக மிதித்து 10 கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுங்கள். மிதித்தும் மிதிக்காமலும் கால் வைத்தபடியே இறங்குவதுதான் கருகலுக்குக் காரணம். வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசியிலும் கொல்லிமலையின் 70-இலும் இதே முறைதான், கியர் மட்டும் இன்னும் கீழே. ஆனால் கொல்லிமலைக்கு இந்த நீள வண்டியை நான் கொண்டுபோக மாட்டேன். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வேனில் போகலாம்.

வாடை வந்துவிட்டால் சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டு ஆறவிடுங்கள். கொதிக்கிற டிரம்மில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு அழுத்தாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிரம் விரிசல் விடும்.

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்னு ஒரு டிரைவர் சொன்னாரே?"

கியரில் இறங்கினால் டீசல் போவதில்லை என்று மேலே சொன்னேன். நியூட்ரலில் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் வேண்டும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு. எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதோடு செத்தது. அந்த டிரைவரை மாற்றிவிடுங்கள்.

"மழையில எக்ஸாஸ்ட் பிரேக் போடலாமா?"

சாதாரண மழையில் போடலாம், பார்த்து. அது பின் சக்கரத்தை மட்டும் பிடிப்பதால், வழுக்கும் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டிகளில் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டரே எக்ஸாஸ்ட் பிரேக்கை விடுவிக்கும்படி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். சேறு, கொட்டிய ஆயில் என்றால் நான் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெதுவாகப் போவேன்.

"அடிக்கடி போட்டா இன்ஜின் கெட்டுப்போகாதா?"

கம்பெனி பொருத்தியது என்றால் அந்த அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். போடாமல் விட்டால்தான் கெடும். கரி படிந்து தகடு இறுகிவிடும். பாதி மூடியபடி இறுகினால் வண்டி இழுக்காது, கரும்புகை தள்ளும். மலைக்குப் போகாவிட்டாலும் மேம்பாலம் இறங்கும்போதாவது ஒரு தடவை போட்டுவிடுவேன்.

"பாதயாத்திரைக்குப் பின்னாடி ஊர்ந்து போறப்ப மட்டும் பஸ்ஸர் அடிக்குது. கசிவு இல்லைங்கிறாங்க. ஏன்?"

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக்குப் பின்னால் நானும் இந்த வண்டியை ஊர விட்டிருக்கிறேன். வயதானவர்கள் ஏறிப் படுக்க, கழிவறைக்குப் போக வசதியாக இருக்கும். அந்த வேகத்தில் இன்ஜின் ஐடிலில்தான் ஓடும், கம்ப்ரஸர் மெதுவாகத்தான் அடைக்கும். நீங்களோ பத்தடிக்கு ஒரு மிதி. ஒவ்வொரு புஸ்ஸும் டேங்கிலிருந்து போன காற்று. வரவை விடச் செலவு அதிகம்.

கூட்டம் ஒரு பர்லாங் முன்னால் போகட்டும் என்று நின்றுவிட்டுப் பிறகு போய்ச் சேருங்கள். நிற்கும்போது நியூட்ரலில் இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கினால் முள் ஏறிவிடும். பிரேக்கைப் பம்ப் பண்ணும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஏர் பிரேக்குக்கு அது வெறும் செலவு.

"ஏர் ஹாரன், தானா இறங்குற படி எல்லாம் எந்த டேங்க்ல இருந்து எடுக்கலாம்?"

நான்காவது பங்கிலிருந்து மட்டும். பிரேக் டேங்கிலிருந்து கூடாது. எங்கள் வண்டிக்கு பாடி கட்டியவர், கிட்டே இருக்கிறது என்று முன் பிரேக் டேங்கில் ஒரு 'டி' (மூன்று வழி இணைப்பு) போட்டு ஏர் படிக்கு லைன் இழுத்திருந்தார். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்தில் ஆள் ஏற ஏற, இறங்க இறங்க முன் முள் மட்டும் 6-க்கு வந்து நின்றது. பின் முள் 8-இல். படிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் புது நீலக் குழாய் கண்ணில் பட்டது. அன்றே பிடுங்கி அந்தத் துளையை அடைத்தேன். உங்கள் வண்டியிலும் ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

"உள்ளே ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா? வீடு மாதிரியே இருக்கும்ல?"

அழகுதான். ஆனால் சிமெண்ட் கல், கனம். 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டியே 300 கிலோ. ஜெனரேட்டர், பேட்டரி, பர்மா தேக்கு அலமாரி என்று சேர்த்துக்கொண்டே போனால் சேஸிஸுக்கு எழுதிய மொத்த எடையைத் தாண்டிவிடும். பிரேக் அந்த எடைக்குத்தான் கணக்கு. கட்டி முடித்ததும் தொட்டியை நிரப்பி எடை மேடையில் ஏற்றுங்கள். ஆசையாக இருந்தால் அந்த டிசைனில் வினைல் விரிப்பு போடலாம். எங்கள் ஆச்சிக்கே வித்தியாசம் தெரியவில்லை.

"மூணு மாசம் பின்தெருவுல நின்ன வண்டி, ஏர் ஏறியும் நகரமாட்டேங்குது."

அடுத்த தெரு வரை நீளும் வீட்டின் பின்வாசலில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். காற்று இறங்கிவிடும், ஸ்பிரிங் பிடித்தபடியே இருக்கும், மழை ஈரத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முள் 8 வந்தபின் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி லேசாக அசைத்தால் பெரும்பாலும் "டக்" என்று விடும். விடாவிட்டால் முறுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சமதளமாக இருந்தால் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக் இல்லாமல் நிறுத்துவது நல்லது என்று சொல்வார்கள். ஆனால் டேங்க் காலியானதும் ஸ்பிரிங் எப்படியும் பிடிக்கும். அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து தெருக்கோடி வரை ஓட்ட ஆள் வைப்பதுதான் வழி.

"நடுவழியில ஏர் ஏறவே இல்ல. எப்படி இழுத்துட்டுப் போறது?"

ஸ்பிரிங் டப்பாவின் பின்னால் ஒரு போல்ட் ஏற்பாடு இருக்கும், ஸ்பிரிங்கைக் கையால் சுருக்கிப் பிரேக்கை விடுவிக்க. முதலில் சக்கரத்துக்குக் கட்டை. போல்ட்டைத் திருப்பிய பிறகு வண்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது, அதனால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, இரும்புத் தண்டு போட்ட ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும்.

அந்த டப்பாவைப் பிணைத்திருக்கும் கிளாம்ப்பை மட்டும் யாரும் கழற்ற வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் மூடியோடு பாய்ந்தால் ஆள் உயிர் போகும். கானாடுகாத்தானோ கொடைரோடோ, ஸ்பேனரோடு உதவிக்கு வருகிற நல்ல மனிதரிடம் இதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் டீ வாங்கிக் கொடுங்கள்.